எஞ்சி நிற்பவர்: கருடத் தூண் முதல் பல்கலைக்கழக வகுப்பறை வரை

சற்றே நீண்ட பதிவு. வரலாறு, கல்வெட்டியல், உளவியல் பயிலும் மாணவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். படைவீரர்களின் தன்னுயிர் மாய்ப்பும் அதன்பின் எஞ்சியோரின் மனநிலையும் இதன் பொருள். அண்மையில் அத்தகைய இழப்பைச் சந்தித்தவர்கள் வேறொரு பொழுதில் வாசிக்கலாம்.

மைசூரு மாவட்டத்தின் தி. நரசீபுர வட்டத்தில் தொட்டஹுண்டி என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்க்குரிய 9ஆம் நூற்றாண்டுக் கல்லொன்றில் மேலைக் கங்க அரசன் நீதிமார்க்கனின் இறப்பு புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளது. கட்டிலில் அரசன் கிடக்கிறான். அகரய்யன் என்னும் பணியாள் அவனைத் தாங்கியபடி இருக்கிறான். அருகே மூத்த மகன் சத்தியவாக்கியன் நிற்கிறான். தலைவனின் உடலுக்குக் கீழே தானும் புதையுண்டு உடன்செல்லும் 'கீழ்குண்டெ' என்னும் வழக்கத்தோடு சேர்த்தே ஆய்வாளர்கள் இக்கல்லைப் பேசுவர். ஆக, ஒரே பலகையில் மூன்று நிலைகள்: இறப்பவன், உடன்செல்பவன், எஞ்சி நிற்பவன். முதல் இருவரைப் பற்றி நூறாண்டுகளுக்கும் மேலாக எழுதி வந்திருக்கிறோம். மூன்றாமவனைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் மைசூர் அரசின் சார்பில் 'எபிகிராபியா கர்நாடிகா' தொகுதிகளை 1886 முதல் வெளியிடத் தொடங்கியபோது, இத்தகைய கற்கள் நூற்றுக்கணக்கில் அச்சேறின. எஸ். செட்டரும் குந்தர் சோந்தைமரும் 1982இல் பதிப்பித்த 'நினைவுக் கற்கள்' பற்றிய கட்டுரைத் தொகுப்பு அவற்றை வகைப்படுத்தியது. வகைப்பாடு முழுவதும் இறந்தவரின் செயலை அடிப்படையாகக் கொண்டது: ஆநிரை மீட்டு இறந்தவர், ஊர் காத்து இறந்தவர், வடக்கிருந்தவர், தலை கொடுத்தவர் என்றவாறு. எஞ்சியவரை அடிப்படையாகக் கொண்டு கற்களை வகைப்படுத்தினால் என்ன கிடைக்கும்? இப்பதிவு அக்கேள்வியிலிருந்து எழுந்தது.

கருடர்களிடம் வருவோம். ஹொய்சள அரசர்களுக்கு உயிர்க்காவலாக இருந்து, தலைவன் இறந்தால் தாமும் இறப்பதாக உறுதி பூண்ட வீரர்களைக் கல்வெட்டுகள் 'கருட' என்கின்றன. திருமாலுக்குக் கருடன் எவ்வாறோ அவ்வாறு அரசனுக்கு இவர்கள். ஹளேபீடு ஹொய்சளேசுவரர் கோயிலின் தென்புறத்துத் தூண் இவர்களுள் மிகப் புகழ்பெற்றவனான குவர லக்ஷ்மனைப் பேசுகிறது. அவன் இரண்டாம் வீரவல்லாளனின் அமைச்சன், படைத்தலைவன். 'குவர' என்பதே 'குமார' என்பதன் திரிபு. மகன் நிலையில் வைத்து வளர்க்கப்பட்டவன். 1220இல் வல்லாளன் மறைந்தபோது அவனும், அவன் மனைவி சுக்கலதேவியும், ஆயிரம் வீரர்களும் உயிர் நீத்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. வீரர்கள் இடக்காலில் அணிந்த கழலைப் பற்றிய குறிப்பும் உண்டு. தூணைச் சுற்றிய சிறு உருவங்கள் அச்செயலைக் காட்டுகின்றன. சுற்றுலா வருவோரில் பெரும்பாலோர் அவற்றைக் கவனியாமல் கடந்துபோகின்றனர்.

ஆயிரம் என்பது கல்வெட்டின் உயர்வு நவிற்சியாக இருக்கலாம். நூறு பேர் என்றே கொள்வோம். நூறு குடும்பங்கள், அக்குடும்பங்களின் பிள்ளைகள், அதே படையில் உறுதி பூணாமல் இருந்த மற்ற வீரர்கள் ஆகியோர் மறுநாள் காலையில் எவ்வாறு எழுந்தனர்? தூண் பேசாது. பேசுவது அதன் வேலையும் அன்று.

இவ்வழக்கத்தின் அடியில் இருந்த கருத்தைக் கன்னடத்தில் 'ஜோளவாளி', 'வேளெவாளி' என்பர். ஜோளம் என்றால் சோளம்; உண்ட சோளத்துக்குப் பட்ட கடன் ஜோளவாளி. தமிழில் செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வதன் உடன்பிறப்பு இது. வேளெவாளி, உற்ற வேளையில் உயிர் கொடுக்கும் உறுதி. சோழர் படையின் வேளைக்காரரும் பாண்டியரின் ஆபத்துதவிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தோர். கல்வெட்டுகளை வழிபாட்டு ஆவணங்களாகவும் அரசியல் ஆவணங்களாகவும் மட்டுமே படித்து வந்த காலத்தில், எம். சிதானந்தமூர்த்தி போன்றோர் 1960களில் அவற்றைப் பண்பாட்டு ஆவணங்களாகப் படிக்கக் கற்றுத் தந்தனர். அந்த வழியில் இன்னும் ஓரடி எடுத்துவைத்தால், 'கடன்' என்ற சொல் சுடத் தொடங்குகிறது. கடன் தீர்த்தவன் தூணில் ஏறிவிட்டான். தீர்க்காமல் உயிரோடு இருப்பவன் கடனாளி. உடனிருந்தோர் இறந்தபின் உயிரோடிருப்பதே ஒரு பிழை என்னும் உணர்வு போரிலிருந்து மீண்டோரின் பேச்சில் இன்றும் திரும்பத் திரும்ப வருவதாக மருத்துவர்கள் எழுதுகின்றனர்.

மண்டியா மாவட்டம் கே.ஆர். பேட்டை வட்டத்து அக்ரஹாரபாச்சஹள்ளியின் கருடத் தூண்களைப் பார்ப்பவர்க்கு இது இன்னும் உறைக்கும். அங்கே பேசப்படுவது ஒருவரன்று, ஒரே குடி. தந்தை ஓர் அரசனுடன் சென்றான், மகன் அடுத்த அரசனுடன் என்று தலைமுறை தொடர்கிறது. கல்வெட்டு இதைக் குடிப்பெருமையாக எழுதுகிறது. தந்தையின் தூணைப் பார்த்து வளர்ந்த ஒரு சிறுவன் தன் வாழ்வின் முடிவை முன்கூட்டியே கல்லில் படித்துக்கொண்டான் என்றும் அதே வரிகளைப் படிக்கலாம். இரண்டாவது வாசிப்பு இன்றைய உளவியலைப் பழங்காலத்தின் மீது ஏற்றுவதாகும் என்ற மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பு. 13ஆம் நூற்றாண்டு வீரனுக்கு இன்றைய நோய்ப்பெயர் சூட்டுவது வரலாறு ஆகாது. ஆனால் எஞ்சியவர் என்ன உணர்ந்தார் என்ற கேள்வியே நவீனமானது என்று சொல்ல முடியாது. அதற்குச் சான்று கன்னடக் கல்வெட்டுகளில் இல்லாவிடினும் தமிழில் இருக்கிறது.

உ.வே.சா. 1894இல் அச்சிட்ட புறநானூற்றில், கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த நிகழ்வைச் சுற்றிய பாடல்களை நாம் அனைவரும் பிசிராந்தையாரின் நட்புக்காகவே படித்திருக்கிறோம். காணாமலே நட்புக் கொண்டவர் உரிய வேளையில் வந்து உடனிருந்து உயிர்விட்ட அக்கதை பள்ளிப் பாடநூலிலேயே வந்துவிட்டது. அத்தொகுதியின் உண்மையான நாயகர் பொத்தியார் என்பது என் துணிபு. அவரும் உடன்வடக்கிருக்க வந்தவர்தாம். மனைவி கருவுற்றிருப்பதால், மகவு பிறந்தபின் வருக என்று அரசன் அவரைத் திருப்பி அனுப்பினான். அவர் உறையூர் திரும்பினார். அரசன் இல்லாத ஊரைப் பார்த்தார். நெடுங்காலம் தன் கையால் உணவளித்து வளர்த்த யானை இறந்தபின் வெறுங்கட்டுத்தறியைக் கண்டு கலங்கும் பாகனோடு தம்மை ஒப்பிட்டார். பின்னர் நடுகல்லான அரசனிடம் சென்று தமக்கும் இடம் கேட்டார்.

இன்னொருவர் கருவூர்ப் பெருஞ்சதுக்கத்துப் பூதநாதனார். அவர் தாமதமாக வந்து சேர்ந்தார். பலர் உடனிருக்கத் தான் இல்லாது போனமைக்காக அரசன் தன்மேல் வருத்தம் கொண்டானோ என்று அவர் அவனிடமே கேட்கிறார். இறந்தவர் தன்னை வெறுத்துச் சென்றாரோ, தான் முன்னமே வந்திருந்தால் வேறாகியிருக்குமோ என்னும் ஐயம், தன்னுயிர் மாய்த்தவரின் உற்றார்க்கு மற்றை இறப்புகளைவிட மிகுதி என்பது இன்றைய துயர ஆய்வுகளின் பொது முடிபு. வடக்கிருத்தலைத் தற்கொலை என்று சுருக்குவது பிழை என்பதை அறிவேன். அதன் சமயப் பொருளும் அரசியல் பொருளும் வேறு. பேசுவது எஞ்சியோரின் துயரைப் பற்றி மட்டுமே. அத்துயர்க்கு அவ்வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை.

அமெரிக்க உளமருத்துவர் ஜானதன் ஷே, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு மருத்துவம் பார்த்த பட்டறிவைக் கொண்டு 1994இல் 'வியட்நாமில் அக்கிலீசு' என்னும் நூலை எழுதினார். பத்ரோக்ளசு இறந்தபின் அக்கிலீசுக்கு நேர்ந்ததை ஹோமர் எழுதியவாறே தம் நோயாளிகளும் சொல்வதாக அவர் கண்டார். செவ்வியல் இலக்கியத்தை மருத்துவக் குறிப்பாக மாற்றிவிட்டார் என்ற குறை அவர்மீது உண்டு. இருந்தும் அந்நூல் முன்னாள் வீரர்களுக்குத் தம் நிலையைச் சொல்ல ஒரு மொழியைத் தந்தது. நம்மிடம் பொத்தியார் இருக்கிறார். இதுவரை அவரிடம் எவரும் அவ்வகையில் செல்லவில்லை.

இனிச் சொற்களைப் பற்றி ஓர் இடையீடு. நம் வீரக்கற்கள் 'பட்டான்' என்று முடிக்கும். கன்னடக் கற்கள் சுவர்க்கம் ஏறியதாகச் சொல்லும். 'தற்கொலை' என்ற சொல்லோ உள்ளேயே கொலையை வைத்திருக்கிறது. கன்னடத்தின் 'ஆத்மஹத்யெ'யும் அவ்வாறே. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு அம்முயற்சியைக் குற்றமாக்கி ஓராண்டு வரை சிறை என்றது. ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தவுடன் முதலில் வருவது காவல்துறை என்றாகியபின், எஞ்சியோர் கற்றுக்கொண்டது மறைத்தலை: வயிற்றுவலி என்றனர், தவறி விழுந்தார் என்றனர். ஊரே அறிந்த ஒன்றை ஊரே அறியாததுபோல் நடிக்கும் அப்பழக்கம் சட்டத்தைவிட நீண்ட ஆயுள் உடையது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்றது. 2024 சூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309க்கு இணையான பிரிவு இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கிலான முயற்சி மட்டுமே குற்றமாக நிற்கிறது. சட்டத்தின் கணக்கு முடிந்தது. வீட்டின் கணக்கு முடியவில்லை.

படையில் அது வேறு வடிவம் கொண்டது. எமில் துர்க்கைம் 1897இல் வெளியிட்ட 'தற்கொலை' நூலில், ஐரோப்பியப் படைவீரர்களிடையே இவ்விறப்பு பொதுமக்களைவிட மிகுதி என்று காட்டி, அதனைப் பிறர்க்கென வாழும் பண்பின் மிகுதியால் நேர்வதாக வகைப்படுத்தினார். அதே இயலில் இந்தியாவின் உடன்கட்டையும் வருகிறது. தனிமனிதன் குழுவில் கரைந்துபோன இடத்தில் உயிர் மலிவாகிறது என்பது அவர் வாதம். கருடத் தூணுக்கு இவ்விளக்கம் கச்சிதமாகப் பொருந்துவதுபோல் தோன்றும். அக்கச்சிதத்தையே நான் ஐயுறுகிறேன். துர்க்கைமின் அட்டவணைகளில் இறந்தவர் இருக்கின்றனர். அவர்தம் பாசறைத் தோழர் இல்லை. இந்த வகையில் அவரும் ஹளேபீட்டுச் சிற்பியும் ஒன்றே.

2023 அக்டோபரில் ஓர் அக்னிவீரரின் இறப்பை ஒட்டி எழுந்த விவாதத்தின்போது இந்தியத் தரைப்படை ஓர் அறிக்கை வெளியிட்டது. 2001 முதல் ஆண்டுதோறும் சராசரியாக 100 முதல் 140 வீரர்கள் தன்னுயிர் மாய்ப்பாலோ தாமே விளைவித்த காயத்தாலோ இறப்பதாகவும், இத்தகைய இறப்புகளுக்குப் படைமரியாதையுடன் இறுதிச் சடங்கு அளிக்கப்படுவதில்லை என்றும் அது கூறியது. 1967ஆம் ஆண்டு ஆணையொன்று இதற்கு அடிப்படை. அதற்கு முந்தைய ஆண்டு மாநிலங்களவையில் அளிக்கப்பட்ட விடையின்படி, ஐந்தாண்டுகளில் முப்படைகளிலும் 819 பேர்: தரைப்படையில் 642, வான்படையில் 148, கடற்படையில் 29.

ஒரே நிலப்பரப்பு. 1220இல் தன்னுயிரைத் தந்த வீரனுக்குத் தூண். இன்று இறந்தவருக்குத் துப்பாக்கி வணக்கம் இல்லை. இவ்வேறுபாட்டைக் கண்டு பழமையைப் போற்றக் கிளம்புவோர்க்கு அக்ரஹாரபாச்சஹள்ளியை நினைவூட்ட விரும்புகிறேன். போற்றுதல் அடுத்த தலைமுறையையும் அழைத்துக்கொண்டு போனது. படைத்தலைமையின் தரப்பிலும் ஒரு காரணம் இருக்கலாம்: இத்தகைய இறப்பைச் சிறப்பித்தால் அது முன்மாதிரியாகிவிடும் என்ற அச்சம். அவ்வச்சம் பொருளற்றதன்று. எனினும் இறந்தவர்க்கு மரியாதை மறுக்கப்படும்போது, அதன் நேர்ப்பொருளை வாங்கிக்கொள்வது எஞ்சியவரே. கென்னத் டோக்கா 1989இல் இதற்கு ஒரு பெயர் தந்தார். உரிமை மறுக்கப்பட்ட துயரம் என்று தமிழில் சொல்லலாம். வெளிப்படையாக அழவும், விடுப்புக் கேட்கவும், ஆறுதல் பெறவும் சமூகம் உரிமை தராத துயரம் அது.

எஞ்சியவரை ஆய்வுப் பொருளாக்கியவர் எட்வின் ஷ்னைட்மன். லாஸ் ஏஞ்சலஸ் தற்கொலைத் தடுப்பு மையத்தை 1958இல் நிறுவியோருள் ஒருவர். ஓர் இறப்புக்குப் பின் எஞ்சியோர்க்குச் செய்யும் உதவியே அடுத்த தலைமுறைக்கான தடுப்பு என்பது அவர் கொள்கை. ஓர் இறப்பு ஏறத்தாழ ஆறு பேரை ஆழமாகத் தாக்கும் என்று அவர் மதிப்பிட்டார். பிற்காலத்தில் ஜூலி செரலும் உடன் ஆய்வாளர்களும் அவ்வெண்ணைச் சோதித்து, ஓர் இறப்புக்கு 135 பேர் வரை அறிமுக வட்டத்தில் உள்ளனர் என்றனர். கென்டக்கி மாநிலத்து முன்னாள் வீரர்களிடையே அவர்கள் நடத்திய ஆய்வில் ஏறத்தாழ பாதிப் பேர் தம் வாழ்நாளில் அவ்வாறு ஒருவரையேனும் இழந்திருந்தனர்.

படைவீரர் துயர் கொண்டாட இயலாமையைக் கூர்மையாகச் சொன்னவர் உளப்பகுப்பாய்வாளர் சைம் ஷாட்டன். 1970இன் இறுதியில் நியூயார்க்கில் வியட்நாம் வீரர்கள் தாமே கூடிப் பேசத் தொடங்கிய குழுக்களில் அவரும் இராபர்ட் லிஃப்டனும் அமர்ந்து கேட்டனர். 1973இல் 'படைவீரர்களின் துயரம்' என்று ஒரு கட்டுரை எழுதினார். களத்தில் தோழனுக்காக அழ நேரம் இல்லை. அழுதால் அடுத்த குண்டு உனக்கு. அழாத அழுகை உள்ளே இறுகி, ஆண்டுகள் கழித்துச் சினமாகவும் உறக்கமின்மையாகவும் வெளிவருகிறது என்பது அவர் கண்டது. 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்த நோய் இடம்பெற்றபோது, அச்சம் உள்ளே வந்தது. துயரம் பெரும்பாலும் வெளியே நின்றுவிட்டது. நோய்ப்பட்டியலில் ஏறாததற்கு மருத்துவமனைகளில் நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

இது மாணவர்களை எவ்வாறு தொடுகிறது? அமெரிக்காவில் 1944ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டம் ஏறத்தாழ 22 இலட்சம் முன்னாள் வீரர்களைக் கல்லூரிகளுக்கு அனுப்பியது. 1947இல் கல்லூரிச் சேர்க்கையில் 49 விழுக்காடு அவர்களே. 'மாணவ முன்னாள் வீரர்' என்ற வகையினம் அங்கே அவ்வாறு பிறந்தது. வகுப்பில் மற்றவரைவிட வயதில் மூத்தவர், இறப்பைக் கண்டவர், அதைப் பற்றிப் பேச அங்கே எவரும் இல்லாதவர். பாசறையில் தோழனை இழந்தால் குறைந்தது அவனை அறிந்தவர்கள் சுற்றி இருப்பர். வகுப்பறையில் கைப்பேசிச் செய்தி வழியே இழந்தால், அடுத்த இருக்கையில் இருப்பவருக்கு அந்தப் பெயரே தெரியாது.

இந்தியாவில் அவ்வகையினம் இதுவரை சிதறலாகவே இருந்தது. பதினைந்து, பதினேழு ஆண்டுப் பணிக்குப் பின் ஓய்வுபெற்று அஞ்சல்வழிப் பட்டம் பயில்வோர், மைசூருவின் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் எப்போதும் உண்டு. பக்கத்து மாவட்டமான குடகு, கரியப்பாவையும் திம்மய்யாவையும் தந்த படைக்குடி நிலம். இனி அளவு மாறப்போகிறது. 2022 சூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பதினேழரை முதல் 21 வயதுக்குள் சேர்வோர் நான்காண்டுகள் பணியாற்றுவர். அவர்களுள் 25 விழுக்காடு வரையே நிரந்தரமாக்கப்படுவர். முதல் அணிகளின் நான்காண்டு 2026 இறுதியில் நிறைவடையத் தொடங்கும். இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் முன்னாள் வீரர்கள் ஆயிரக்கணக்கில் கல்லூரிகளின் வாயிலுக்கு வருவர். அவர்களுக்கென இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தனிப் பட்டத் திட்டம் அறிவிக்கப்பட்டது. படைப்பயிற்சிக்கே பாதி மதிப்பெண் அலகுகள். மனநலத்துக்கு அலகு உண்டா என்று கேட்பது மிகை எனத் தோன்றலாம். மிகை அன்று.

அலெக்சாண்ட்ரா பிட்மன் தலைமையில் 2016இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு 37 உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர், பணியாளருள் நெருங்கியவரைத் திடீரென இழந்த 3,432 பேரை ஆராய்ந்தது. தன்னுயிர் மாய்ப்பால் இழந்தோர், இயற்கையான திடீர் இறப்பால் இழந்தோரைவிட, தாமும் அம்முயற்சியில் ஈடுபட 65 விழுக்காடு கூடுதல் வாய்ப்பு உடையவராக இருந்தனர். படிப்பையோ பணியையோ கைவிடுவதும் கூடுதல். வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டியது அடுத்த செய்தி: தம்மைப் பிறர் இழிவாக நோக்குகின்றனர் என்ற உணர்வைக் கணக்கில் சேர்த்ததும் அவ்வேறுபாடு பெருமளவு மறைந்துவிட்டது. அதாவது இறப்பின் தன்மை மட்டுமன்று. அதைச் சுற்றியோர் எவ்வாறு பார்க்கின்றனர் என்பதே எஞ்சியவரின் கதியை முடிவு செய்வதில் பெரும்பங்கு கொள்கிறது. கல்வெட்டின் புகழ்மொழி, 309ஆம் பிரிவு, 1967ஆம் ஆண்டு ஆணை ஆகியன யாவும் அந்தப் பார்வையின் வரலாறுதான். ஆகவே இது உளவியல் துறையின் பொருள் மட்டும் அன்று. நம் துறையின் பொருளும் ஆகும்.

மைசூரு இதற்கு ஏற்ற இடம் என்பேன். எம்.வி. கோபாலசுவாமி 1924இல் மகாராஜா கல்லூரியில் உளவியல் துறையைத் தொடங்கினார். நாட்டின் மிகப் பழைய உளவியல் துறைகளுள் அது ஒன்று. (வானொலிக்கு 'ஆகாசவாணி' என்ற பெயர் அவர் வீட்டு நிலையத்திலிருந்து 1935இல் ஒலிக்கத் தொடங்கியது என்பதே பலர்க்கும் தெரிந்த செய்தி.) பெங்களூருவின் மைசூர் அரசு மனநல மருத்துவமனையே பின்னர் நிம்ஹான்ஸ் ஆயிற்று. 2022இல் தொடங்கிய 14416 என்னும் டெலிமானஸ் தொலைபேசி உதவிக்கு அதுவே தலைமை மையம். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை. படையினர்க்கென ஒரு பிரிவு 2023 திசம்பரில் புணே படைமருத்துவக் கல்லூரியில் திறக்கப்பட்டது. படையை விட்டு வந்து மாணவராகிவிட்டவர் எந்த எண்ணை அழைப்பார் என்று இரு தரப்பும் இன்னும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுத் தொகுப்பில் 1,70,924 இறப்புகள். அவற்றுள் மாணவர் 13,044. தொழில்வாரி அட்டவணையில் ஒருவர் ஒரு கட்டத்தில்தான் நிற்க முடியும்: மாணவர், அல்லது ஓய்வு பெற்றவர். எஞ்சியவர்க்குக் கட்டமே இல்லை. மாணவர் மனநலம் குறித்து உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் நீதியரசர் இரவீந்திர பட் தலைமையில் அமைத்த பணிக்குழு இக்கட்டங்களை மாற்றப் பரிந்துரைக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

கல்வெட்டியல் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். மைசூருவில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகள் சென்னைக்கு மாற்றப்பட வேண்டும் என்று 2021இல் மதுரைக் கிளை தீர்ப்பளித்தபோது நாம் அனைவரும் உரிமை பற்றிப் பேசினோம். அவற்றை எவ்வாறு படிப்பது என்று பேசவில்லை. வேளைக்காரர், ஆபத்துதவிகள், கருடர் பற்றிய பொறிப்புகளில் இறந்தவனின் தாய்க்கோ, மகனுக்கோ, உடன்வீரர்க்கோ நிலம், நெல், விளக்கு என எது கொடுக்கப்பட்டிருந்தாலும், ஊர்ப்பெயரும் தொகுதி எண்ணும் குறித்து அனுப்புங்கள். 'உதிரப்பட்டி' என்று தமிழிலும் 'நெத்தருகொடகெ' என்று கன்னடத்திலும் வழங்கும் கொடைகளிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன். குருதிக்கு ஈடாக எஞ்சியவருக்குத் தரப்பட்ட நிலம் என்பது அச்சொற்களின் பொருள்.